வயிறு மூடாத யானை

நெல்சனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் தன் கையால் செய்து முடித்த பொருள் என்று ஒன்றைக்கூட யாராலும் காட்ட முடியாது. இருந்தும் சாயங்கால நேரத்தில் கடற்கரைச் சாலைக்குப் போய், "யானை பின்னுறவரு எங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சுண்டல்காரர் முதல் பலூன்காரர் வரை அவரைத்தான் கைகாட்டுவார்கள். புதுச்சேரியில் ஒருவன் பெயர் வாங்க வேலை செய்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை, கொஞ்சம் பிரெஞ்சு, உட்கார நிழல், இவை இருந்தால் போதும்.

குருசுக்குப்பத்தில் அவர் வீட்டு மாடி அறையில் நான் குடியிருக்கிறேன். பாகூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்துக்காக என் அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கரும்பு வெட்டினார்கள். அதனால், பிறக்கும்போதே எல்லாம் கைக்கு வந்து, அதை உட்கார்ந்த இடத்திலேயே தின்று தீர்த்தவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வருவதில்லை. நெல்சன் விஷயத்திலும் வரவில்லை.

அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வந்துவிடும். அந்தக் காசில் நெல்சன் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தார், அதாவது போய் வந்தார். அண்ணன்கள் இருவரும் பிரான்சுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார்கள். நெல்சனும் போனார். ஒரு குளிர்காலம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

"குளிரு ஒத்துக்கல தம்பி" என்பார்.

"குளிரா? வெடியக்காலம் எழுப்பி வேலைக்குப் போவச் சொன்னாங்க. அதான் ஒத்துக்கல" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி ஜோவிதாவின் குரல் வரும்.

திரும்பி வந்தவர் சுற்றுலா வழிகாட்டி ஆனார். வெயில் என்று விட்டார். நோணாங்குப்பத்தில் படகுக்கு டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. அங்கே மேலாளர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார், மரியாதைக்கு ஒரு 'முசியே' போடவில்லை என்று அதையும் விட்டார். அப்பாவும் அம்மாவும் போனதும் ஓய்வூதியமும் நின்றுபோனது. அதற்கப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது ஜோவிதா அக்காவின் கொக்கி ஊசியால்தான்.

அக்கா அரியாங்குப்பத்துக்காரர். அவர் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் சின்ன வயதில் கொக்கி ஊசி பிடித்துக் குரோஷா பின்னக் கற்றுக்கொண்டு, மேசை விரிப்பு, குழந்தைத் தொப்பி என்று கடைகளுக்குப் பின்னிக் கொடுத்து வந்தார். யானை வந்தது கிறிஸ்துமஸ் குடிலால். குடிலில் மூன்று ராஜாக்களும் ஆளுக்கொரு வாகனத்தில் வருவார்கள் இல்லையா, ஒட்டகம், குதிரை, யானை. இவர்கள் வீட்டுப் பீங்கான் யானையை நெல்சன் அலமாரியிலிருந்து எடுக்கும்போது கீழே போட்டு உடைத்தார். இறக்கி வைக்கிற வேலைகூட அவருக்கு முடியவில்லை. ராஜா நடந்தா வருவார் என்று சொல்லி, அக்கா அன்றைக்கே மிச்சமிருந்த சாம்பல் நூலில் கட்டைவிரல் அளவு யானை ஒன்றைப் பின்னிக் குடிலில் நிறுத்தினார். குடில் பார்க்க வந்த பிள்ளைகள் குழந்தை யேசுவை விட்டுவிட்டு யானையையே பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு பெண் குழந்தை அதைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டு தர மாட்டேன் என்று அழுததாம். அந்தக் கதையை அக்கா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது ஊசி நின்றுவிடும்.

அந்த யானையைப் பின்னுவதைப் பார்க்கவேண்டும். தும்பிக்கை நுனியில் சின்ன வளையமாகத் தொடங்கி, சுற்றிச் சுற்றி அகலமாகிக்கொண்டே வந்து, முகம், கழுத்து, வயிறு என்று ஒரே நூலாகப் போகும். பாதியில் பஞ்சை அடைத்து, கடைசியில் வால் பக்கம் மூடுவார். காதும் காலும் தனியாகப் பின்னித் தைப்பது. இதில் ஒரு சங்கதி உண்டு. பின்னிக்கொண்டிருக்கும் யானை ஊசியில் மாட்டியிருக்கும் ஒரே ஒரு கண்ணியை, அந்த நூல் வளையத்தை, நம்பித்தான் நிற்கும். ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால், வந்த வழியே மொத்தமும் அவிழ்ந்துவிடும். அதனால்தான் அக்கா ஒரு யானையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் யாரையும் அந்தக் கூடைப் பக்கம் வர விடமாட்டார்.

பிள்ளைகள் கேட்க, அக்கா பின்ன, நெல்சன் அவற்றைத் தட்டில் அடுக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். அதுவரை சரி. விற்பதும் வேலைதான். முதல் வாரமே ஒரு பிரெஞ்சுத் தம்பதி யானையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நீங்களே செய்ததா என்று கேட்டார்கள். நெல்சன் 'ஆமாம்' என்றார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சிலேயே அவருக்கு மிகவும் உபயோகப்பட்ட சொல் அதுதான்.

அந்த அம்மாள் உருகிப்போய்விட்டார். ஓர் ஆண் பின்னுகிறான்! கடலைப் பார்த்தபடி பின்னுகிறான்! உடனே போட்டோ. எங்கள் ஊரில் ஆண்கள் கூடை முடைவார்கள், வலை பின்னுவார்கள், கயிறு திரிப்பார்கள். ஒருவரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பொம்மை யானையை மடியில் வைத்திருந்தால்தான் இவர்களுக்குக் கலை கண்ணில் படும்போலிருக்கிறது.

அடுத்த நாளே நெல்சன் அக்காவிடம் ஒரு பாதி யானை கேட்டார்.

"எதுக்கு?"

"கையில வச்சிக்கத்தான். சும்மா உக்காந்திருந்தா யாவாரி மாதிரி இருக்குது."

"யாவாரிதான நீங்க?"

"உனக்குப் புரியாது ஜோவி. ஒரு ஊசியும் குடு."

அக்காவுக்கு அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது. வயிறு மூடாத யானை ஒன்றை எடுத்து, இவர் கையில் அவிழ்ந்துவிடக் கூடாது என்று கடைசிக் கண்ணியில் இறுக்கமாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அந்த யானைதான் அதற்கப்புறம் வருடக்கணக்காக நெல்சனின் மடியில் இருந்தது. யாராவது கிட்டே வந்தால் ஊசியை அதில் குத்தி எடுப்பார், குத்தி எடுப்பார். "வயிறு கட்டிக்கிட்டிருக்கேன்" என்பார். சாம்பல் நிறம் வியர்வையிலும் சுண்டல் எண்ணெயிலும் ஊறி வாய்க்கால் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. திறந்த வயிற்றில் பஞ்சு கறுத்தது. கருவுற்ற நிஜ யானை இரண்டு வருடத்துக்குள் குட்டி போட்டுவிடும். நெல்சனின் யானைக்கு வயிறே மூடவில்லை. பார்த்தவர்கள் ஒருவராவது சந்தேகப்படவேண்டுமே? படவில்லை. நன்றாகத் தேய்த்த சட்டை எத்தனை பேர் கண்ணைக் கட்டுகிறது என்பதை நான் நெல்சனிடம்தான் தெரிந்துகொண்டேன்.

ஜோவிதா அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். நானும் வந்து பக்கத்தில் உட்காருகிறேன் என்றார். பெயருக்காக இல்லை. தான் பின்னிய யானையை ஒரு குழந்தை கையில் வாங்குவதை, அந்தக் குடில் நாளுக்குப் பிறகு, அவர் பார்த்ததே இல்லை. எல்லா யானையும் தட்டில் போனது, தட்டு காலியாகத் திரும்பி வந்தது. வாங்கின குழந்தை என்ன செய்தது, சிரித்ததா, கடித்ததா என்று கேட்டால் நெல்சன், "அதெல்லாம் யாரு பாத்தா?" என்பார்.

"நீ வந்து உக்காந்தா அது பொம்பள கை வேலை ஆயிடும் ஜோவி. பேரம் பேசுவாங்க. நானு உக்காந்தா ஆர்ட்."

ஒரு நாள் நான் துணி காயப்போட மாடிப்படியில் ஏறும்போது அக்கா கேட்டார். "தம்பி, நீ படிச்சவன், சொல்லு. அவரு சொல்றது நெசமா? ஆம்பளன்னா கேட்ட காசக் குடுப்பாங்களா?"

"நெசம்தான்கா" என்றேன். வெட்கக்கேடான நிஜம்.

"தூ" என்றார் அக்கா. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

போன வருடம் மழைக்காலம் தொடங்கியபோது ஓர் அறிவிப்பு வந்தது. கைவினைஞர் குழு ஒன்று கடற்கரைப் பக்கம் டிசம்பர் சந்தை போடப்போகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. பொருளைத் தன் கையால் செய்கிறவர்தான் கடையில் உட்காரலாம். வாங்கி விற்கிறவர்களுக்கு இடமில்லை. குழுவினர் வீட்டுக்கே வந்து, செய்வதை நேரில் பார்த்துவிட்டுத்தான் இடம் கொடுப்பார்கள்.

அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் அப்படி ஒரு வெளிச்சம் பார்த்தேன். நெல்சன் அதற்குள் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"எம் பேர குடுக்கறதுதான?" என்றார் அக்கா.

"ஊரு பூரா என்னத்தான் யானைக்காரன்னு தெரியும். இப்ப போயி எம் பொண்டாட்டின்னு சொன்னா அசிங்கமாயிடும்ல?"

"அசிங்கம் இனிமேத்தான் வரணுமா?"

இருந்தும் அக்கா சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். நிபந்தனை நிபந்தனைதான், இவர் நாலு கண்ணி போட்டுக் காட்டினால் இடமாவது கிடைக்கும், தானும் பக்கத்தில் ஒண்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு. மாடியிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நூல வெரல்ல சுத்துங்க. அது வெரலு, தூண் இல்ல, எதுக்கு அந்த இறுக்கு இறுக்கறீங்க?"

"மெதுவா சொல்லு, அவசரப்படாத."

"ஊசிய வுடுங்க உள்ள. நூலப் புடிங்க. இழுங்க. ஐயோ, அதையில்ல! மாதாவே, சோத்துக் கைதான இது?"

"கண்ணு வலிக்குது ஜோவி. நாளைக்குப் பாக்கலாம்."

நாளைக்கும் கண் வலித்தது. அதற்கடுத்த நாள் முதுகு. பிறகு அந்தப் பேச்சே இல்லை. தன் நடிப்பில் நெல்சனுக்கு அவ்வளவு நம்பிக்கை. பொய்யையே தொழிலாகச் செய்கிறவனுக்கு இந்த வியாதி வந்துவிடும். ஊரை ஏமாற்றி ஏமாற்றிக் கடைசியில் தனக்கே வித்தை தெரியும் என்று நினைத்துக்கொள்வான்.

எவ்வளவு நம்பிக்கை என்றால், குழு வருகிற அன்றைக்குத் தெருவையே வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். வேறு எவனாக இருந்தாலும் கதவைச் சாத்தி ரகசியமாக முடித்திருப்பான். சொல்தா வீட்டுப் பிள்ளைக்கு அது முடியாது. நல்லது நடந்தால் அக்கம்பக்கம் பார்த்து வயிறெரிய வேண்டும். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சவரிராயன் சவாரியை விட்டுவிட்டு வந்து முன்னறையில் நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் அவர் மனைவி, இன்னும் நாலைந்து பேர், படிக்கட்டோரம் நான். நெல்சன் அப்பாவின் பட்டாளத்துப் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைக் காபி போட அனுப்பியிருந்தார்.

குழுவிலிருந்து கார்குழலி என்ற அம்மாவும், சுப்பிரமணியன் என்பவரும் வந்தார்கள். நெல்சன் எழுந்து, "பொன்ழூர் மதாம்" என்றார்.

"வணக்கம். நீங்க செய்யறதக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார் கார்குழலி.

நெல்சன் ஒரு துணியை விலக்கி யானையை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடியில் கிடந்தே கறுத்துப்போன பழைய யானை அல்ல அது. பளிச்சென்ற புது நீல யானை. அழுக்கு யானையைப் பெரிய மனிதர்கள் முன்னால் காட்ட வெட்கப்பட்டு, அக்காவுக்குத் தெரியாமல் கூடையிலிருந்து அன்றைக்குக் காலையில் அக்கா பின்னிக்கொண்டிருந்ததை எடுத்து வந்திருக்கிறார். பழையதில் முடிச்சு இருந்தது. இதில் இல்லை. தும்பிக்கையும் முகமும் முடிந்து, வயிறு பாதி வந்து, பஞ்சு அடைத்து, ஒற்றைக் கண்ணியில் நின்றுகொண்டிருந்த யானை. அந்த வித்தியாசம் நெல்சனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் பின்னத் தெரிந்தவராக இருந்திருப்பார்.

ஊசியைக் குத்தினார், எடுத்தார். குத்தினார், எடுத்தார்.

"பாக்க சுலபமா இருக்கும் மதாம். ஆனா பொறும வேணும். எங்க அப்பா சொல்தா இல்லையா, எனக்கு ஒழுக்கம் ரத்தத்துலயே..."

ஒழுக்கம் என்று சொல்லிக் கையை வீசியதில் ஊசி கண்ணியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. மடியிலிருந்த நூல்கண்டு உருண்டு, சோபாவுக்கு அடியில் ஓடி, அதன் காலில் மாட்டிக்கொண்டது. நெல்சன் கண்டை வரவழைக்க நூலை வெடுக்கென்று இழுத்தார். கண்டு வரவில்லை. யானையின் வயிற்றில் ஒரு சுற்று வந்தது.

இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. பின்னால் நகர்ந்து இழுத்தார். வயிறு போனது, பஞ்சு பொதுக்கென்று வெளியே விழுந்தது. கழுத்து போனது. முகம் சுற்றுச் சுற்றாகக் கரைந்தது. நிறுத்தவேண்டும் என்றுகூட அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. இழுத்தால் சரியாகிவிடும் என்று இழுத்துக்கொண்டே சுவர் வரை போய்விட்டார். முன்னறை முழுக்க நீல நூல் சுருள் சுருளாகக் கிடந்தது. நெல்சனின் இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு தும்பிக்கை நுனி மட்டும் மிஞ்சியது.

சவரிராயன், "டேய் நெல்சா, யானை எங்கடா போச்சு?" என்றார். அறையே வெடித்துச் சிரித்தது. சுப்பிரமணியன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

காபித் தட்டோடு வந்த அக்கா வாசற்படியில் நின்றார். தரையைப் பார்த்தார், நீல நூலைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில்கூட நெல்சன் என்ன சொன்னார் தெரியுமா? "என்னா நூல் வாங்கற ஜோவி நீ? மட்டமான சரக்கு. பாரு, புட்டுக்கிட்டு வருது!"

நான் பல கீழ்த்தரமான பேச்சைக் கேட்டிருக்கிறேன். இது அதற்கும் ஒரு படி கீழே.

கார்குழலி அக்காவைப் பார்த்தார். "நீங்க பின்னுவீங்களாம்மா?"

நெல்சன் கார்குழலியின் முதுகுக்குப் பின்னாலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார், கண்ணை உருட்டினார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே தட்டை வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கையை நீட்டி, நெல்சனின் விரலிடுக்கிலிருந்து அந்தத் தும்பிக்கை நுனியை வாங்கிக்கொண்டார். ஊசியில் கண்ணியை மாட்டினார். நூல் பழைய மடிப்புகளோடு நெளிநெளியாகத் தரையிலிருந்து ஏறி வந்தது. தும்பிக்கை நீண்டது. முகம் அகன்றது. காபி ஆறிப்போனது.

கண் வைக்கும் இடம் வந்ததும் அக்கா தலையைத் தூக்கினார். "ஏங்க, கீழ கெடக்கற பஞ்சப் பொறுக்கிக் குடுங்க."

நெல்சன் குனிந்தார். அப்பாவின் படத்துக்குக் கீழே, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, முட்டி போட்டுப் பஞ்சு பொறுக்கினார். அவர் செய்து நான் பார்த்த முதல் வேலை.

"சந்தையில யாரு உக்காரப்போறீங்க?" என்று கேட்டார் கார்குழலி.

"நானு" என்றார் அக்கா.

டிசம்பர் சந்தைக்கு நானும் போனேன். நெல்சன் தெரு முழுக்க ஒரு புதுக்கதை சொல்லி வைத்திருந்தார். தான் ஓய்வு பெற்றுவிட்டதாகவும், தொழிலை மனைவிக்குப் பழக்கி விட்டுக்கொடுத்துவிட்டதாகவும். அக்காவின் கடையில் யானைகள் வரிசையாக நின்றன. நெல்சன் சொன்னபடியே நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பெண் உட்கார்ந்ததும் வந்தவர்கள் எல்லோருக்கும் வாய் நீண்டுவிட்டது. "இத்துனூண்டு பொம்மைக்கு இந்த வெலையா?" என்றார்கள். "ஆன்லைன்ல இதுல பாதிதான்" என்றார்கள். கடற்கரையில் ஒரு காபிக்கு என்ன கேட்டாலும் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இவர்கள்.

கொஞ்ச தூரத்தில், கடலைப் பார்த்த பெஞ்சில், நெல்சன் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பழைய அழுக்கு யானை. கையில் ஊசி. ஒரு வெள்ளைக்காரப் பெண் குனிந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு பட்டும் இந்த மனிதருக்கு ஒரு துளி ரோஷம் கிடையாது.

"அக்கா, அங்க பாருங்க" என்றேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "எடுக்கட்டும் வுடு தம்பி. அது அவுழாது. நானு முடிச்சிப் போட்டு வச்சிருக்கேன்."

அப்போது ஒரு தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு முன்னால் வந்து நின்றார். குழந்தை அம்மாவைக் கேட்கவில்லை. நீல யானை ஒன்றைப் பிடுங்கி எடுத்து, தும்பிக்கையை அப்படியே வாயில் வைத்துக்கொண்டது.

"ஐயையோ, எச்சி பண்ணிட்டா! ஏம்மா, சாயம் போவுமா? சரி, எவ்ளோதான் கொறைப்பீங்க? கடைசியா சொல்லுங்க."

அக்கா மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து, குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஈறால் கடித்தது, வெளியே எடுத்துப் பார்த்தது, மறுபடியும் உள்ளே வைத்தது. அந்தம்மா விலையைத் தானே குறைத்துக்கொண்டே போனார். அக்கா காதில் எதுவும் விழவில்லை.